இலக்கணம் யாருக்குப் போட்ட வேலி?

"இக்காலத்து மாணவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது." ஆசிரியர் ஓய்வறையிலும், பரிசளிப்பு விழா மேடையிலும், பத்திரிகைகளின் தலையங்கங்களிலும் இவ்வாக்கியத்தை நாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. லகர, ளகர, ழகர வேறுபாடு தெரியாது. ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுவதில்லை, மிகலாகாத இடத்தில் மிகுகின்றது. எழுவாய் பன்மையாய் நிற்கப் பயனிலை ஒருமையாய் முடிகின்றது. குற்றப்பத்திரிகை நீளமானது. குற்றவாளி யாரென்பதிலும் இவர்களுக்கு ஐயமில்லை. மாணவன் சோம்பேறி, கைத்தொலைபேசி அவனைக் கெடுத்துவிட்டது, அவனுடைய வீட்டுப் பேச்சோ வெறுங் கொச்சை.

இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. பிழைகள் மலிந்திருப்பது உண்மை. அவை திருத்தப்படல் வேண்டும் என்பதும் உண்மை. அவற்றுக்குப் பொறுப்பாளி யார் என்பதிலேயே நமது கருத்து வேறுபடுகின்றது. இலக்கணம் என்னும் பெயரால் நமது வகுப்பறைகளில் நிகழ்வது, பெரும்பாலும், எழுதுவதற்கு அஞ்சக் கற்பித்தலாகவே இருக்கின்றது. அந்த அச்சத்தின் சுமை எல்லாப் பிள்ளைகளின் தோளிலும் சமமாக ஏறுவதுமில்லை. வீட்டில் நூல்களும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளை அதனைத் தாங்கிக் கடந்துவிடுகின்றது. அவை இல்லாத பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றது.

பிறரைக் குற்றஞ் சாட்டுமுன் நம்மையே கூண்டில் ஏற்றுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன், கரையோரக் கிராமமொன்றிலுள்ள பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். பத்தாந் தர மாணவரைக் 'கடற்கரையில் ஒரு காலை' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். சோளகம் பெயர்ந்த பின் ஒரு நாள் வலை வெறுமையாய் வந்தது. கயிற்றைச் சுருட்டியபோது எவரும் எவரது முகத்தையும் பார்க்கவில்லை. சம்மாட்டியின் கணக்குக் கொப்பியில் முன்பணம் மேலும் ஏறியது. தாய் அடுப்பு மூட்டுமுன் அயல்வீட்டுக்கு அரிசி கேட்டுப் போனாள். அவன் எழுதியது இவ்வளவே. உவமை இல்லை, வருணனை இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது.

நாம் அதிற் கண்டவையோ 37 பிழைகள். 'மளை', 'கயிரு', 'பன்டிகை', 'வலைகள் வந்தது' என ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டோம். 'சோளகம்' என்பதையும் வட்டமிட்டுச் 'சோழகம்' என்று திருத்தினோம். இரு வடிவங்களும் அச்சேறி வழங்குவதைப் பின்னரே கண்டோம். அடியில் 'பிழைகள் மலிந்துள்ளன. கவனம் தேவை' என்றெழுதி நூற்றுக்கு 35 புள்ளி இட்டோம். தாய் அரிசி கேட்டுப் போனதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அடுத்த கட்டுரையின் தலைப்பு 'மாரிகாலம்'. அவனுடைய கொப்பியில் வானமகள் கருங்கூந்தலை விரித்திருந்தாள். மின்னற் கொடிகள் நடனமாடின. தவளைகள் மத்தளம் கொட்டின. பிழை ஒன்றுமில்லை. மகிழ்ந்து 70 புள்ளி இட்டோம். அதே வானமகள் அதே கூந்தலை வேறு நால்வரின் கொப்பிகளிலும் விரித்திருக்கக் கண்டபோதுதான் நமக்கு உண்மை புலப்பட்டது. கடையில் விற்கும் மாதிரிக் கட்டுரை நூலொன்றைப் பார்த்து எழுதியிருந்தார்கள். தன் சொற்களில் எழுதினால் தண்டனை, பிறர் சொற்களைப் பெயர்த்தெழுதினாற் பரிசு என்னும் பாடத்தை அவன் பிழையறக் கற்றுக்கொண்டான். கற்பித்தவர் நாமே. சாதாரண தரத்துடன் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். தன் வாழ்வைத் தன் சொல்லில் அவன் எழுதிய கட்டுரை, நாமறிந்தவரை, அந்த ஒன்றுதான்.

இவ்வச்சம் மாணவரோடு நின்றுவிடுவதுமன்று. இதனை எழுதும் நாமும் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறியவர்களே. ஆயினும், துணைவினைகளைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்றும், இரு பெயர்கள் அடுத்து வருமிடத்தில் ஒற்று இடுவதா விடுவதா என்றும் இன்றுவரை தயங்குகிறோம். சஞ்சிகைக்கு எழுதுங்கள் என்று கேட்டால், "யாராவது பிழை பிடித்துவிட்டால்?" என்று பின்வாங்கும் தமிழாசிரியர் எத்தனை பேர்! பட்டம் பெற்றவருக்கே இக்கதியெனின், கொப்பியைத் தவிர வேறு தாளைக் காணாத பிள்ளையின் கதி யாது?

இனி, அப்பிழைகளின் தன்மையை ஆராய்வோம். பிழை என்பது அறிவின்மையின் விளைவு என நாம் கருதிவருகின்றோம். உண்மையில், பிழைகளிற் பெரும்பாலானவை சிந்தனையின் விளைவுகள். 'சுவற்றில்' என்று எழுதுபவனை எடுத்துக்கொள்வோம். சுவர் என்பது 'சுவரில்' என்றே வரும். ஆனால் அவன் ஏன் அவ்வாறு எழுதினான்? சோறு சோற்றில் என்றும், கிணறு கிணற்றில் என்றும், வயிறு வயிற்றில் என்றும் வருவதை அவன் மனம் கவனித்திருக்கின்றது. அவ்விதியை உரியதல்லாத ஒரு சொல்லுக்கும் நீட்டிவிட்டது. எவரும் சொல்லிக்கொடாமலே ஒரு விதியைக் கண்டுபிடித்தவனை, விதி தெரியாதவன் என்று வட்டமிடுகின்றோம்! அவனுக்கு வேண்டியது, அந்த விதி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்னும் ஒரு வரி விளக்கம் மாத்திரமே.

'மளை' என்று எழுதிய மாணவன் கேட்டதையே எழுதினான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. அவனுடைய காது பிழை செய்யவில்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அவனுக்கு எவரும் அளந்து காட்டவில்லை, அவ்வளவே. தமிழில் இத்தூரம் மிக நீண்டது. 'போகேல்லை' என்பதிலிருந்து 'போகவில்லை' என்பதற்கு ஒரு பிள்ளை நடந்து செல்ல வேண்டியிருக்கின்றது. வீட்டில் நூல்கள் நிறைந்த பிள்ளைக்கு அவ்வழி சிறுவயதிலேயே பழகிவிடுகின்றது. மற்றப் பிள்ளை முதன்முதலாக அதில் அடியெடுத்து வைப்பது நமது வகுப்பறையில். அங்கே நாம் வழிகாட்டியாக நில்லாமல் வேலி காவலராக நிற்கின்றோம்.

ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சே, நாம் இழித்துரைக்கும் அந்தக் கொச்சையே, எழுத்திலக்கணத்தின் திறவுகோலாக இருப்பதைப் பண்டிதம் பேசுவோர் காண்பதில்லை. சில எடுத்துக்காட்டுகள் தருவோம்.

ரகரமா றகரமா என்பது பலருக்கு வாழ்நாள் முழுவதும் தீராத ஐயம். பிள்ளை 'சோத்திலை', 'கிணத்திலை', 'வயித்திலை', 'கயித்திலை' என்று பேசுகின்றதன்றோ? வேற்றுமை உருபு ஏறும்போது பேச்சில் எங்கே 'த்த' தோன்றுகின்றதோ, அங்கே எழுத்தில் 'ற்ற' வரும். ஆகவே மூலச் சொல்லில் இருப்பது றகரம். 'ஊரிலை', 'வேரிலை' என்பவற்றில் அது தோன்றுவதில்லை. ஆகவே அங்கே ரகரம். 'கயிரு' என்று எழுதிய நமது மாணவனின் வாயிலேயே 'கயித்தாலை' என்னும் விடை இருந்தது. நாம் கேட்கவில்லை.

ளகர ழகர ஐயத்துக்கும் வழியுண்டு. ஆள், மீள், உருள், திரள் என்பன ஆண்டான், மீண்டான், உருண்டான், திரண்டான் என்றாகும். வாழ், தாழ், வீழ், மகிழ் என்பன வாழ்ந்தான், தாழ்ந்தான், வீழ்ந்தான், மகிழ்ந்தான் என்றாகும். எழுத்தறியாத மூதாட்டியும் 'வாண்டான்' என்று சொல்வதில்லை. இறந்தகாலத்தைச் சொல்லிப் பார்த்தால் இத்தகைய வினைகளில் எந்த எழுத்து நிற்கின்றது என்பது தெரிந்துவிடும். 'பன்டிகை' என்று எழுதுபவனுக்கு டகரத்தின் முன் ணகரமும், தகரத்தின் முன் நகரமும், றகரத்தின் முன் னகரமுமே வருமென்று காட்டினாற் போதும். வண்டு, பந்து, கன்று என்று சொல்லும்போது நாக்குச் சென்று தொடும் இடத்தை அவனே கவனித்துக்கொள்வான். இலக்கண நூலார் இனவெழுத்து என்று கூறியது இதனையே. விதியை மனனஞ் செய்யுமுன் அது தன் வாயில் வாழ்வதைப் பிள்ளை உணர்தல் வேண்டும்.

சந்தியும் இத்தகையதே. 'கடைக்குப் போனான்', 'பாடத்தைப் படித்தான்' என்று உரத்து வாசித்தால் ஒற்றின் அழுத்தம் காதில் விழும். அது வெறும் அலங்காரமன்று என்பதற்கு, 'தந்த பலகை' என்பதையும் 'தந்தப் பலகை' என்பதையும் அருகருகே எழுதிக் காட்டலாம். முன்னது ஒருவர் கொடுத்த பலகை. பின்னது யானைத் தந்தத்தாலாகிய பலகை. பொருளோடு சேர்த்துக் கற்ற ஒற்றை மாணவன் மறப்பதில்லை. 'வல்லினம் மிகா இடங்கள்' என்று இலக்கமிட்டுக் கரும்பலகையிலிருந்து பிரதிசெய்த ஒற்றுகள் பரீட்சைக்கு மறுநாளே பறந்துவிடுகின்றன.

இன்னுமொன்று. வட இலங்கையில் 'உது', 'உவன்', 'உந்தப் புத்தகம்' என்று நாளாந்தம் வழங்குகின்றோம். மாணவன் கட்டுரையில் 'உந்த' என்று எழுதினால் அது கொச்சை. அதே ஆசிரியர் அடுத்த பாடவேளையில், சுட்டெழுத்துகள் அ, இ, உ என மூன்று என்று இலக்கணங் கற்பிக்கின்றார்! தமிழகத்து நாளாந்தப் பேச்சில் வழக்கொழிந்து நூலில் மாத்திரம் எஞ்சிய உகரச் சுட்டு, இங்கே மீனவனின் வாயிலும் தோட்டக்காரனின் வாயிலும் உயிரோடிருக்கின்றது. வாழும் இலக்கணத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இறந்த இலக்கணத்தை மனனஞ் செய்விப்பதைத் தமிழ்ப்பற்று என்கின்றோம்.

இலக்கணத்தின் காவலர்களாகத் தம்மைக் கருதுவோர், இலக்கண ஆசிரியர்களின் மனப்பாங்கையேனும் நினைவிற் கொள்ளல் வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் கூறியவர், அந்நூல் செய்யுளோடு வழக்கையும் ஆராய்ந்து ஆக்கப்பட்டதென்றே சொல்கின்றார். மக்கள் பேச்சைக் கேட்காமல் முதல் இலக்கணமே எழுந்ததில்லை. 13 ஆம் நூற்றாண்டளவில் நன்னூலை ஆக்கிய பவணந்தி முனிவர், சிதைந்து வழங்கும் மரூஉச் சொற்களுக்கும் இயல்பு வழக்கில் இடமளித்தார். காலம் மாற வழக்கு மாறுவதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்னுங் கருத்தோடு சொல்லதிகாரத்தை முடித்தார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், நன்னூற் சூத்திரங்களுக்குக் காண்டிகையுரை எழுதியதோடு நின்றுவிடவில்லை. இலக்கணச் சுருக்கத்தையும் பாலபாடங்களையும் எளிய உரைநடையில் எழுதினார். நாவலர் சாதியமைப்பைப் பேணியவர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் பிள்ளைகள் விளங்கிக்கொள்வதற்காக இலக்கணத்தைச் சுருக்கி எளிமையாக்கிய அவருடைய பணியை, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே சிக்கலாக்குவோர் எந்த மரபைப் பேணுகின்றனர்?

வேலி யாருக்கு எதிரானது என்னும் கேள்விக்கு நமது இலக்கிய வரலாறு ஒருமுறை விடை கூறியிருக்கின்றது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 ஐ அடுத்து உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. அதுவரை எழுத்தின் வாசலில் நிற்கவும் விடப்படாத சமூகங்களிலிருந்து பிள்ளைகள் எழுத வந்தனர். சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, நெடுங்காலப் பாடசாலைப் படிப்பு வாய்க்காத டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் தம் மக்களின் பேச்சைச் சிறுகதையிற் கொணர்ந்தனர். அப்பொழுதுதான் 'இழிசனர் வழக்கு' என்னும் கூக்குரல் எழுந்தது. 1960 களின் முற்பகுதியில் நிகழ்ந்த அம்மரபுப் போராட்டத்தில், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் முற்போக்கு எழுத்தாளரின் பக்கம் நின்றனர். சிகையலங்காரத் தொழிலாளியான ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்தது. வழக்கு இழிந்ததா என்ற வாதத்தின் அடியில், பேசும் மனிதன் இழிந்தவனா என்ற வாதமே கிடந்தது. இலக்கியத்தில் அப்போர் வெல்லப்பட்டுவிட்டது. வகுப்பறையில் அது இன்னும் தொடங்கவேயில்லை.

இவ்விடத்தில் நம் அணியிலுள்ள சிலருடனும் நாம் முரண்படவேண்டியிருக்கின்றது. "இலக்கணம் ஆதிக்க வர்க்கத்தின் கருவி, கருத்து விளங்கினாற் போதும், பிள்ளை எழுதுவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பது இவர்களின் வாதம். கேட்பதற்கு இது முற்போக்காகத் தோன்றும். விளைவோ பிற்போக்கானது. வசதியுள்ளவன் தன் பிள்ளைக்குத் திருந்திய எழுத்தைப் பணங் கொடுத்தேனும் வாங்கிக் கொடுத்துவிடுவான். தனியார் கல்வி நிலையங்கள் அதற்கென்றே இருக்கின்றன. தொழிலாளியின் பிள்ளைக்கு அதனைக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் அரசாங்கப் பாடசாலை. அங்கும் நாம் இலக்கணத்தைக் கைவிட்டால், வேலியை அகற்றியவர்களாக மாட்டோம். படலையின் திறப்பை வசதியுள்ளவனிடமே ஒப்படைத்தவர்களாவோம். பேச்சில் அஃறிணைப் பன்மை வினைமுற்று இவ்வடிவில் வழங்காமையால் 'வலைகள் வந்தன' என்பது அப்பிள்ளைக்குத் தானாக வராது. அதனைக் கற்பித்தே ஆகவேண்டும்.

ஏனெனில், எழுத்து நமது மக்களுக்கு அலங்காரப் பொருளன்று. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தமே தமிழையும் அரசகரும மொழி என்றது. பெரும் விலை கொடுத்துப் பெற்ற அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்குக் குடிமகனுக்குத் தன் முறைப்பாட்டைத் தானே எழுதத் தெரிந்திருத்தல் வேண்டும். 2009 இல் முடிந்த போரின் பின், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் தாய்மார் மனுக் கொடுத்து வருகின்றனர். அவர்களுட் சிலர் அலுவலக வாசலில் மனு எழுதுவோரிடம் பணங் கொடுத்து எழுதுவிப்பதை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். மகன் கடைசியாக உடுத்திருந்த சட்டையின் நிறத்தைத் தாய் சொல்ல, எழுதுபவர் 'மேற்படி நபர்' என்று எழுதினார். அவளுக்கு ஒரு காலத்தில் நாம் போன்ற ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அவளுடைய கொப்பியும் சிவந்திருக்கும்.

ஆகவே செய்யவேண்டியவை யாவை? ஒரு வகுப்பில் 40 கொப்பிகளைத் திருத்தி, பாடத்திட்டத்தையும் முடிக்கவேண்டிய ஆசிரியரின் நிலை நமக்குத் தெரியும். நாமும் அவருள் ஒருவரே. அந்நிலையிலும் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, கட்டுரையை முதல்முறை வாசிக்கும்போது பேனாவைக் கையில் எடாதிருத்தல் வேண்டும். மாணவன் சொல்லிய செய்திக்கு ஒரு வரியாவது மறுமொழி எழுதிய பின்னரே பிழைகளுக்குச் செல்லவேண்டும். இரண்டாவது, ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மாத்திரம் எடுத்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாரம் ரகர றகரம். அடுத்த வாரம் எழுவாய் பயனிலை இயைபு. முப்பத்தேழு வட்டங்கள் எதனையும் கற்பிப்பதில்லை. மூன்றாவது, விதியை மாணவனின் பேச்சிலிருந்தே வருவித்தல் வேண்டும். நான்காவது, எழுதியதை அவனே உரத்து வாசித்து, திருத்தி மீண்டும் எழுதுவதற்குப் புள்ளியளித்தல் வேண்டும். முதற்பிரதிக்கு மட்டும் புள்ளியிடும் வழக்கமே மாதிரிக் கட்டுரை வணிகத்தை வாழவைக்கின்றது. ஐந்தாவது, ஆசிரியர் தாம் எழுதி அடித்துத் திருத்திய தாளை வகுப்பிற் காட்டுதல் வேண்டும். பிழை விடாத மனிதரைப் பார்த்து எவரும் எழுதக் கற்பதில்லை.

நமது மாணவர் இன்று எழுத வேண்டியவை பல. கரைவலையின் கணக்கை, தோட்டத்து நாட்சம்பளத்தை, திரும்பி வராத அண்ணனை, விடுவிக்கப்படாத காணியை அவர்களன்றி வேறெவரும் எழுதப்போவதில்லை. அவற்றைப் பிழையோடு எழுதட்டும்; பின்னர் நம்மோடிருந்து திருத்தட்டும். அந்தக் கரைவலைத் தொழிலாளியின் மகனுக்கு நாம் திருப்பிக் கொடுக்கவேண்டிய கட்டுரையொன்று இன்னும் நம்மிடம் இருக்கின்றது. அதன் அடியில் எழுதத் தவறிய வரியை, இனி வரும் பிள்ளைகளின் கொப்பிகளிலேனும் எழுதுவோம்: 'உன் தாய் அரிசி கேட்டுப் போனதை வாசித்தோம். மேலும் எழுது.'